எந்த ஊர் ‘ரூம் டெம்பரேச்சர்’? – ஒயின் கேள்வி பதில்

வாரத்தில் ஓரிரு நாள் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின், அதுவும் கையைக் கடிக்காத விலையில். சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்டது இதைத்தான். பதில்கள் 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் சட்டமும் அதுதான்.

கடையில் நாலைந்து வகைதான் இருக்கிறது. எதைப் பார்த்து எடுப்பது? விலையா, பெயரா?
– வாசகர், சூரமங்கலம்

முதலில் லேபிளில் திராட்சை அறுவடையான ஆண்டைப் பாருங்கள். நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்று பெயர். அங்கே மெதுவாக விற்கும் சரக்கு ஒயின்தான். பிராந்தியும் பீரும் வந்த வேகத்தில் போய்விடும். ஒயின் பாட்டிலோ மேல்தட்டில் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கோடையைப் பார்த்துவிட்டு நிற்கும். நாள்பட நாள்பட ருசி கூடும் என்பது விலை உயர்ந்த சில ஒயின்களுக்குத்தான் பொருந்தும். அன்றாட ஒயின் வயதானால் வாடிவிடும்.

மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் ஒயின் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும். அந்த ஆண்டின் வெள்ளை ஒயின் அதே ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே வெள்ளையும், ரோஸே என்ற இளஞ்சிவப்பும் லேபிளில் உள்ள ஆண்டிலிருந்து இரண்டு வருடத்துக்குள், எளிய சிவப்பு மூன்று வருடத்துக்குள் இருக்கட்டும். ஆண்டு போடாத பாட்டிலில், பின்பக்கம் அடைத்த மாதமும் வருடமும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது மூடி. கார்க் அடைத்த பாட்டிலை நிற்க வைத்தே மாதக்கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்து காற்று புகும். திருகுமூடிக்கு அந்தத் தொல்லை இல்லை. திருகுமூடி என்றால் மட்டமான சரக்கு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். சேலம் வெயிலில் அதுதான் நல்ல தேர்வு. கார்க் பாட்டில்தான் கிடைக்கிறது என்றால், கழுத்து உறையைத் தடவிப் பாருங்கள். கார்க் மேலே முட்டிக்கொண்டிருந்தாலோ, உறை பிசுபிசுத்தாலோ, ஒயின் மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தாலோ அது சூட்டில் வெந்து கெட்ட பாட்டில். வெள்ளை ஒயினை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். இளம் வைக்கோல் நிறமாக இருந்தால் எடுக்கலாம், தேநீர் நிறத்துக்குப் போயிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் பெயர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் ஏற்றது. 1999இல் நாசிக்கில் தொடங்கிய சுலா கம்பெனியின் செனின் பிளாங்கில் லேசான இனிப்பு உண்டு, காரத்துக்கு அது ஒத்துப்போகும். சிவப்பில் ஷிராஸ். நந்தி மலை அடிவாரத்து குரோவர், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜின் ஃபிராட்டெலி ஆகியவற்றையும் பார்க்கலாம். ஒரே கம்பெனியின் வரிசையில் அடிமட்ட விலையை விட்டு, அதற்கு ஒரு படி மேலே எடுங்கள். அதற்கும் மேலே ‘ரிசர்வ்’ என்று போட்டிருப்பதில் நீங்கள் கொடுக்கும் காசில் கொஞ்சம் ஓக் மரப் பீப்பாய்க்குப் போகிறது. தினசரிச் சாப்பாட்டுக்கு அந்த மரவாசனை தேவையில்லை.

ஃபாரின் ஒயின் என்றால் தரம் கூடுதல்தானே?
– வாசகர், அம்மாபேட்டை

வரி கூடுதல். வெளிநாட்டு ஒயினுக்கு இறக்குமதித் தீர்வை பல ஆண்டுகளாக 150 சதவீதம். பிரான்ஸில் சாதாரண மளிகைக்கடையில் கிடைக்கிற சாப்பாட்டு ஒயின் அந்தச் சுமையோடு, மாநில வரியும் சேர்ந்து, இங்கே வந்து இறங்கும்போது ராஜா விலை ஆகிவிடுகிறது. அந்த விலைக்கு நல்ல இந்திய ஒயினே வாங்கலாம். கொஞ்சம் விதிவிலக்கு ஆஸ்திரேலியா. 2022 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி, இறக்குமதி மதிப்பு 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்குத் தீர்வை 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் 75 சதவீதமாகவும் இறங்கி, ஆண்டுதோறும் மேலும் குறைந்துவருகிறது. டாஸ்மாக்கின் எலைட் கடையில் வெளிநாட்டுப் பாட்டில்தான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலிய ஷிராஸைக் கேட்டுப் பாருங்கள்.

சிவப்பு ஒயினை ‘ரூம் டெம்பரேச்சரில்’ குடிக்க வேண்டும் என்கிறார்கள். அப்படித்தான் குடிக்கிறேன். மூக்கில் ஏறுகிறது, தொண்டை எரிகிறது. மட்டமான ஒயினா?
– வாசகர், அஸ்தம்பட்டி

ஒயின் மேல் பழி போடாதீர்கள். அந்த ‘ரூம்’ ஐரோப்பாவில், ஹீட்டர் வருவதற்கு முந்தைய காலத்துக் கல்வீட்டு ரூம்: 16 முதல் 18 டிகிரி. டிசம்பர் மாத ஏற்காட்டு அறைக்கு அது பொருந்தும். ஏப்ரல் மாத அஸ்தம்பட்டி அறை 33, 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறும், பழ வாசனை அடியில் அமுங்கிவிடும். அந்த எரிச்சல் இதுதான்.

சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். முன்னாலேயே வைத்து முழுக்கக் குளிர்ந்த பாட்டில் என்றால் ஊற்றுவதற்கு அரை மணி முதல் முக்கால் மணிக்கு முன் வெளியே எடுங்கள். கொஞ்சம் அதிகமாகவே குளிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, நம் ஊரில் கிளாஸில் தானே ஏறிக்கொள்ளும். அதனால்தான் முக்கால் கிளாஸ் ஊற்றாமல் கால் கிளாஸாக ஊற்ற வேண்டும். வெள்ளை ஒயின் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயார்.

விருந்தாளி வாசலில் நிற்கிறார், பாட்டில் அலமாரியில் இருக்கிறது என்றால்: வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டில் கழுத்து வரை மூழ்க வேண்டும். சிவப்புக்கு 10–12 நிமிடம், வெள்ளைக்கு 25 நிமிடம். வெறும் ஐஸ்கட்டியில் புதைத்தால் கட்டிகளுக்கு நடுவில் இருக்கிற காற்று குளிரைத் தடுக்கும். தண்ணீர் சேர்ந்தால்தான் கண்ணாடியை முழுக்கத் தொடும். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள். ஒயின் உறைந்தால் விரியும். மூடி பிதுங்கும், சில சமயம் பாட்டிலே வெடிக்கும்.

நாலைந்து பாட்டில் வாங்கி வைத்தால் எங்கே வைப்பது?
– வாசகி, ஏற்காடு

உங்களுக்குக் கவலை இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் வெயில் படாத உள்ளறை அலமாரியே போதும், கார்க் பாட்டிலைப் படுக்க வையுங்கள். கீழே சேலத்தில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். பரண் கூடவே கூடாது, கான்கிரீட் கூரையின் சூடு அங்கேதான் தேங்கும். அடுப்பங்கரையும் ஆகாது. ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு நல்ல இடம். இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்படுவதை வாங்கிக் குவிக்க வேண்டாம். வாங்கிய பாட்டிலைக் காரில் போட்டுவிட்டு ஐந்து ரோட்டில் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள், திரும்பி வரும்போது அது பாதி வெந்திருக்கும் என்பதை நினைவில் வைக்கவும்.

வெள்ளை ஒயின் பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளக்கிறது. பயந்து கொட்டிவிட்டோம். சரிதானா?
– வாசகி, ஓமலூர்

பாவம், நல்ல ஒயினைக் கொட்டிவிட்டீர்கள். அது டார்டாரிக் அமில உப்பு. திராட்சையில் இயல்பாக இருப்பது, குளிர்ந்ததும் படிகமாகி அடியில் இறங்கும். நம் புளியின் புளிப்பும் இதே டார்டாரிக் அமிலம்தான். கேக்கில் போடும் கிரீம் ஆஃப் டார்டர் என்ற பொடியும் அந்த உப்புதான். விரலில் எடுத்து நசுக்கினால் கற்கண்டுத் தூள் போல நொறுங்கும், கண்ணாடி நொறுங்காது. அடுத்த முறை பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றி, கடைசி இரண்டு ஸ்பூனை விட்டுவிடுங்கள்.

நம் காரச் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவருமா? ஒவ்வொரு முறையும் கசப்பாகத்தான் இருக்கிறது.
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

துவர்ப்பான சிவப்பைக் காரத்தோடு மோதவிட்டால் அப்படித்தான் இருக்கும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு உண்டு. வாழைப்பூவை மென்றால் நாக்கு இழுக்குமே, அதே இழுப்பு. மிளகாய்க் காரம் அந்த இழுப்பையும் ஆல்கஹால் எரிச்சலையும் தூக்கிவிடும். ஆகவே காரம் கூடினால் மூன்று குறைய வேண்டும்: துவர்ப்பு, ஆல்கஹால், சூடு. லேசான இனிப்பு கொஞ்சம் கூடலாம்.

தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பு, பூண்டு மிளகாய்ச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய பீட்ரூட்டின் இனிப்பு. நன்கு குளிர்ந்த செனின் பிளாங்கோ ரோஸேயோ இதற்குச் சரியான ஜோடி. மாலை நேரத் தின்பண்டத்துக்கு கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற துவர்ப்பான சிவப்பைத் திறப்பது வீண்செலவு. மேட்டூர் அணை மீன் வறுவலுக்குப் சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற புளிப்பு தூக்கலான வெள்ளை, மீன் மேல் எலுமிச்சை பிழிவதைப் போலத்தான் இது. புளிக்குழம்புக்கும் இதே வகை. புளிப்பு குறைந்த ஒயின் புளிக்குழம்புக்குப் பக்கத்தில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ரசத்தோடும் மோரோடும் எதுவும் சேராது, விட்டுவிடுங்கள்.

மட்டன் மிளகு வறுவலுக்கு ஷிராஸ். இதற்கு வெறும் ருசியைத் தாண்டிய காரணமும் உண்டு. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஷெவராய் காப்பித் தோட்டத்து மரங்களில் ஏறும் மிளகுக் கொடியின் வாசனையிலும் அதே ரோட்டண்டோன்தான். ஆனால் சிலரின் மூக்குக்கு இந்தப் பொருள் தெரியவே தெரியாது. ‘மிளகு எங்கே?’ என்று யாராவது கேட்டால் சண்டை போடாதீர்கள். வறுவலில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள், அப்போதுதான் ஜோடி சேரும்.

வீட்டில் குடிப்பது நானும் மனைவியும் மட்டும். பாட்டில் மீந்து, நாலாம் நாள் புளித்துப்போகிறது. சின்ன பாட்டில் வாங்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

கணக்குப் போடுங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். 375 மில்லி பாட்டில் பாதி விலைக்கு வராது, கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பெரிய பாட்டிலே வாங்கி, இப்படிச் செய்யுங்கள்: திருகுமூடி உள்ள பழைய 375 மில்லி கண்ணாடி பாட்டில் ஒன்றை வெந்நீரில் கழுவி, வாசனை போகக் காயவைத்து எடுத்து வையுங்கள். புது ஒயினைத் திறந்ததும், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே, அந்தச் சின்ன பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சிவப்பானாலும் ஃபிரிட்ஜ்தான். ஒரு வாரம் தாங்கும்.

பலர் செய்யும் தவறு, குடித்து முடித்தபின் மீந்ததை மாற்றுவது. அதற்குள் இரண்டு மணி நேரம் காற்று பட்டிருக்கும். காற்றும் சூடும் கிடைத்தால் பாக்டீரியா ஆல்கஹாலை வினிகர் ஆக்கிவிடும். நெயில் பாலிஷ் வாடை வந்தால் அந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது என்று பொருள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வேறு கதை. அது கார்க்கில் வந்த கோளாறு, திறந்த அன்றே தெரியும், வைத்திருந்தாலும் சரியாகாது.

ஏற்காடு போய்வந்த நண்பர் லேபிள் இல்லாத பாட்டிலில் ‘ஹோம்மேட் ஒயின்’ கொடுத்தார். குடிக்கலாமா? வீட்டிலேயே போடலாமா?
– வாசகர், செவ்வாய்பேட்டை

இரண்டுக்கும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆல்கஹால் என்று சொல்ல லேபிள் இல்லை. உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவதும் புளிக்கவைப்பதும் 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சர்க்கரை மீதம் இருக்கும்போதே மூடி இறுக்கினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிப்பதும் உண்டு.

கிறிஸ்துமஸ் மேஜைக்கு நிறமும் மணமும்தான் வேண்டும் என்றால்: பன்னீர் திராட்சை 1 கிலோ, தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 150 கிராம், இரண்டங்குலப் பட்டை, கிராம்பு 4. கொதிக்கவிடாமல் சிறுதீயில் 15 நிமிடம், ஆறியபின் கையால் பிசைந்து வடிகட்டவும். ஃபிரிட்ஜில் நாலு நாள் வரை. நுரை கட்டினால் கொட்டிவிடவும்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது, உண்மையா?
– வாசகி, நாகலூர்

அந்தக் காரணத்துக்காகக் குடிக்கத் தொடங்க வேண்டாம். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மலையில் குடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இரண்டு கிளாஸிலேயே அதைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம்.

மலிவான ‘போர்ட்’ ஒயின் பாட்டில் பரிசாக வந்தது. பாகு மாதிரி இனிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், அம்மாபேட்டை

அசல் போர்ட் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், திராட்சைச் சாறு நொதிக்கும் நடுவே திராட்சை பிராந்தி கலந்து செய்வது. இங்கே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை தூக்கலான சிவப்பு ஒயின். உயரக் கிளாஸில் நிறைய ஐஸ், 60 மில்லி போர்ட், 120 மில்லி சோடா, அரை எலுமிச்சை, ஏற்காட்டு ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று. தோலைக் கிளாஸுக்கு மேலே முறுக்கி எண்ணெயைத் தெளித்துவிட்டு உள்ளே போடுங்கள். ஒயினில் ஐஸ் போடலாமா என்று கேட்டிருந்த மற்ற மூவருக்கும் இதிலேயே பதில்: இந்த ஒயினில் தாராளமாக.