புது ஹார்ட் டிஸ்க் செருகியதும் கணினி அணைந்து மறுபடி தொடங்கினால்

கல்யாணப் படங்களைப் புது யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டிஸ்க்கை முன்பக்க யூஎஸ்பியிலிருந்து கழற்றி, பின்பக்கம் மதர்போர்டிலேயே (கணினியின் பிரதான பலகை) உள்ள போர்ட்டில் செருகிப் பாருங்கள். கொப்பி பண்ணத் தொடங்கிய சில நிமிடத்தில் விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரைகூட வராமல் அணைகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் டிரைவரைவிட (டிஸ்க்கை இயக்கும் மென்பொருள்) மின்சாரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் மின்னோட்டத்தின் வரம்பு 500 மில்லியம்பியர், 3.0 என்றால் 900. அது போதாவிட்டால் பெரும்பாலும் டிஸ்க் மட்டும்தான் துண்டிக்கப்படும். கணினியே விழுகிறதென்றால் பெரும்பாலும் போர்ட்டில் ஷோர்ட், அல்லது பவர் சப்ளை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பலவீனமாகியிருக்கிறது. வீடு உப்புவெளியில் கடலோரம் என்று எழுதியிருக்கிறீர்களே, உப்புக்காற்று முன்பக்க போர்ட்டைச் சும்மா விடாது. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்போ துருவோ தெரிந்தால் அந்தப் போர்ட்டை இனித் தொடவே வேண்டாம்.

பின்பக்கத்திலும் விழுந்தால், டிஸ்க்கை வேறொரு கணினியில் ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘கேர்னல் பவர் 41’ இருக்கும். அது கணினி ஒழுங்காக அணையவில்லை என்று மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

ஒன்று முக்கியம்: இது தீரும்வரை கல்யாணப் படங்களை ‘கட்’ பண்ணி மாற்றாதீர்கள். கொப்பி மட்டும். எழுதும்போது விழுந்தால் கோப்புகள் கெட்டுப்போகலாம்.