பின்னலின் மறுபக்கம்: இரு வண்ணக் கம்பளிப் பின்னல் குறித்த கேள்வி - பதில்

இரு வண்ணப் பின்னலில் ஒரே வரிசையில் இரண்டு நூல்களும் கூடவே வருகின்றன. ஒன்று முன்புறம் கண்ணிகளாக மாறிக்கொண்டிருக்கும்போது, மற்றது தன் முறை வரும்வரை துணியின் பின்புறமாக ஓடுகிறது. அப்படி ஓடும் நூலைத்தான் பின்னுவோர் ஃப்ளோட் என்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: மகனுக்காகப் பின்னிய குல்லாயில் கீழ் விளிம்பு தலைக்குச் சரியாக இருக்கிறது. அதற்கு மேல் வரும் இரு வண்ணப் பட்டை மட்டும் சுருங்கி, தலையில் இறங்க மறுக்கிறது. கையைத் தளர்த்திப் பின்னினால் கண்ணிகள் பெரிதாகி ஒழுங்கு கெடுகிறதே தவிர, சுருக்கம் போகவில்லை. என்ன செய்வது?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: நீங்கள் தளர்த்த வேண்டியது கையை அன்று. ஒரு ஃப்ளோட்டின் நீளம், வண்ணத்தை மாற்றிப் பின்னும் முதல் கண்ணியின்போதே தீர்மானமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமானால், நூல் கடக்க வேண்டிய தூரமும் குறைவாகவே தெரியும். நூலும் அந்தக் குறைந்த தூரத்துக்கு மட்டுமே ஓடும். பின்னல் ஊசியைவிட்டு இறங்கி, கண்ணிகள் தம் இயல்பான அகலத்துக்கு விரியும்போது ஃப்ளோட் போதாமல் போகிறது. நாடாவை இழுத்துக் கட்டிய பாவாடையின் இடுப்பைப் போலத் துணி சுருங்கிக்கொள்வது அதனால்தான். எவ்வளவு தளர்வாகப் பின்னினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் கையின் தளர்வு கண்ணியைப் பெரிதாக்குமே தவிர ஃப்ளோட்டை நீட்டாது.

ஆகவே, வண்ணம் மாற்றுவதற்கு முன்பு, வலது ஊசியில் கடைசியாகப் பின்னிய பத்துப் பன்னிரண்டு கண்ணிகளைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பற்றி, ஊசியின் மேல் பின்னோக்கி இழுத்து விரித்துவிடுங்கள். கடைசிக் கண்ணியை ஆட்காட்டி விரலால் அழுத்தி, அந்த விரிவு கலையாமல் பிடித்துக்கொண்டே புதிய வண்ணத்தின் முதல் கண்ணியைப் பின்னுங்கள். பின்னி முடித்த பிறகே விரலை எடுக்க வேண்டும். ஃப்ளோட் துணியின் முதுகில் படுத்தாற்போல் கிடந்தால் போதும். வளைந்து தொங்கவும் கூடாது, விறைத்து நிற்கவும் கூடாது. சில சுற்றுகளுக்கு ஒருமுறை பட்டையைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். துணி முழுவதும் விரிவதற்கு முன்பே பின்னால் ஏதாவது ஒரு நூல் விறைத்துவிட்டால், அந்த இடத்தில் அளவு போதவில்லை என்று பொருள்.

குல்லாயை நான்கைந்து இருமுனை ஊசிகளில் வட்டமாகப் பின்னுகிறீர்களானால், ஓர் ஊசியிலிருந்து அடுத்ததற்குத் திரும்பும் மூலையில் ஃப்ளோட் குறுக்கு வழியில் போய்விடும். அதற்குப் பின்னலையே புரட்டிவிடுவது நல்லது. நல்ல பக்கம் உள்ளேயும் பின்பக்கம் வெளியேயும் இருக்குமாறு திருப்பி, உங்களுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் விளிம்பில் பின்னினால், நூல் மூலையின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு போக நேரும். நீளம் தானாகவே கிடைத்துவிடும். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், குல்லாய், கையுறை, காலுறை போன்ற சிறு சுற்றளவுப் பின்னல்களுக்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

இவ்வளவும் செய்த பிறகே ஊசியின் அளவை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். 3.25 மில்லிமீட்டர் ஊசியில் விளிம்பைப் பின்னியிருந்தால், வண்ணப் பட்டைக்கு 3.5 அல்லது 3.75 மில்லிமீட்டர் ஊசி எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளோட் சரியாக அமைந்தாலும், குறுக்கே ஓடும் நூலுக்குக் கண்ணியைப் போன்ற நெகிழ்ச்சி கிடையாது. ஆதலால் இரு வண்ணப் பட்டை ஒருபோதும் விளிம்பளவுக்கு இழுபடாது. பட்டை தொடங்கும் சுற்றில் சில கண்ணிகளைக் கூட்டிக்கொள்வது அதற்காகத்தான்.

கேள்வி: மகளுக்கு எட்டிதழ் ரோஜா போட்ட கையுறை பின்னினேன். உள்ளே ஓடும் நூல்களில் அவள் விரல்கள் மாட்டிக்கொள்கின்றன. மூன்று கண்ணிக்கு ஒருமுறை ஃப்ளோட்டைப் பின்னும் நூலோடு பிணைக்க வேண்டும் என்று நான் வாங்கிய குறிப்பில் இருக்கிறது. பக்கத்து வீட்டு நார்வேக்கார அம்மாவோ, பிணைக்கவே தேவையில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, ஒஸ்லோ)

பதில்: பெரும்பாலும் பக்கத்து வீட்டு அம்மா சொல்வதை. ஆனால் அவர் எந்த நூலை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் பின்னிய ரோஜா, நார்வேயின் செல்பு ஊருக்குரியது. 1857-இல் மாரித் குல்செத்புரா எம்ஸ்தா என்ற இளம்பெண் அங்கே இரு வண்ணக் கையுறை பின்னத் தொடங்கியதாகவும், அதிலிருந்தே அந்த ஊரின் கையுறைத் தொழில் வளர்ந்ததாகவும் சொல்வார்கள். மெல்லிய, சற்றுச் சொரசொரப்பான கம்பளி நூலில் நெருக்கமாகப் பின்னப்படும் கையுறை அது. ஆட்டுக் கம்பளியின் இழைகளில் நுண்ணிய செதில்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் இழையை அவை பற்றிக்கொள்ளும். கையின் சூடும் ஈரமும் உராய்வும் சேர, சில வாரங்களில் உள்ளே ஓடும் நூல்கள் துணியோடு ஒட்டிப் படிந்துவிடுகின்றன. அத்தகைய நூலுக்குப் பிணைப்பு அதிகம் தேவையில்லை.

கண்ணிகளை எண்ணிச் சொல்லும் விதிகளை நான் நம்புவதில்லை. நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு 30 கண்ணி வரும் மெல்லிய பின்னலில் ஏழு கண்ணிகளைத் தாண்டும் ஃப்ளோட், இரண்டே கால் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பத்து சென்டிமீட்டருக்கு 18 கண்ணி வரும் தடித்த நூலிலோ, ஐந்து கண்ணியே இரண்டே முக்கால் சென்டிமீட்டருக்கு வந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஓடும் ஃப்ளோட்டை நடுவில் ஒருமுறை பிணைத்தால் போதும் என்பது என் கணக்கு. விரல்கள் நுழையும் கையுறைக்கும் காலுறைக்கும் அதை ஒன்றரை சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கென்றால் கண்டிப்பாக. இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி, அக்ரிலிக், பருத்தி ஆகியவை வழுக்கும் நூல்கள். அவை எத்தனை நாளானாலும் படியமாட்டா என்பதால் அவற்றுக்கும் இந்தக் குறைந்த அளவே பொருந்தும்.

ஏற்கெனவே பின்னி முடித்த கையுறையைப் பிரிக்க வேண்டாம். உட்புறத்தைப் புரட்டி, நீண்ட ஃப்ளோட்டுகளை மட்டும் அதே வண்ண நூலால், முன்பக்கம் தெரியாமல் பின்கண்ணியின் பாதி இழையை மட்டும் பற்றித் தைத்துவிடலாம். அணிவிப்பதற்கு முன்பு கையுறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கையால் மெதுவாகக் கசக்கியும் வையுங்கள்.

கேள்வி: ஃப்ளோட்டைப் பிணைக்கும் இடமெல்லாம் முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. வெள்ளைத் தரையில் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. நான் பிணைக்கும் முறையே தவறா?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: முறையை நீங்கள் எழுதவில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பின்னும் வெள்ளை நூல் வலக்கையிலும், ஓடும் சிவப்பு நூல் இடக்கையிலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். கண்ணிக்குள் ஊசியை நுழைத்ததும், சிவப்பு நூலை ஊசி முனையின் மேலாகக் கிடத்த வேண்டும். பிறகு வெள்ளை நூலை வழக்கம்போல் சுற்றி, வெள்ளையை மட்டும் கண்ணி வழியே இழுத்தெடுக்க வேண்டும். சிவப்பு ஊசியிலிருந்து நழுவிப் பின்னே நின்றுவிடும். அடுத்த கண்ணிக்குச் சிவப்பு நூலைத் தாழ்த்திக்கொண்டு வெள்ளையைப் பின்னினால், இரண்டு வெள்ளைக் கண்ணிகளுக்கு நடுவே சிவப்பு பூட்டிக்கொள்ளும். ஒரே கையில் இரண்டு நூல்களையும் பிடிப்பவர்கள், அடுத்த கண்ணிக்கு முன் ஓடும் நூலைப் பின்னும் நூலின் மேலாக ஒருமுறை தாண்டவைத்தால் அதே பலன் கிடைக்கும்.

முறை சரியாக இருந்தும் புள்ளி தெரிந்தால், காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அதே கண்ணியில் பிணைத்தால், அந்த நிரையே பிளந்துகொண்டு உள்ளே இருப்பதைக் காட்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிணைப்பை இரண்டு மூன்று கண்ணிகள் தள்ளிப் போடுங்கள். பிணைத்த உடனே ஓடும் நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் சிவப்பை முன்னே தள்ளிவிடும். வெளிர் தரைக்குப் பின்னால் அடர்ந்த நிறம் ஓடும்போது எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சாயல் சற்றுத் தெரியத்தான் செய்யும். அங்கே பிணைப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதே மேல். தேவையில்லாத பிணைப்பு, நீண்ட ஃப்ளோட்டைவிட அழகைக் கெடுக்கிறது. துணியின் நெகிழ்ச்சியையும் அது தின்றுவிடுகிறது.

கேள்வி: ஸ்வெட்டரின் ஒரு கையில் பூ வேலை எடுப்பாகவும் மற்றக் கையில் மங்கலாகவும் இருக்கிறது. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே வடிவம். ஏன் இந்த வேறுபாடு?
(வாசகி, டொராண்டோ)

பதில்: இரண்டாவது கையைத் தொடங்கும்போது நூல்களை இடம் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். பின்புறம் ஓடும் இரண்டு நூல்களில் ஒன்று எப்போதும் மேலாகவும் மற்றது கீழாகவும் செல்கிறது. கீழிருந்து வரும் நூலுக்கு ஊசியை எட்டச் சற்றே அதிக தூரம். அதனால் அதன் கண்ணிகளுக்கு மயிரிழை அளவு கூடுதலாக நூல் கிடைத்து, அவை பருத்து முன்னே தெரிகின்றன. மேலே ஓடும் நூலின் கண்ணிகள் சிறுத்துப் பின்வாங்குகின்றன. பூவின் வண்ணம் எதுவோ அதைக் கீழிருந்து வரும்படி வைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றாமல் பின்ன வேண்டும். இரு கைகளிலும் நூல் பிடிப்போருக்கு இடக்கை நூலே கீழே அமையும். பாதியில் எழுந்து போய் மறுநாள் தொடரும்போது, எந்த வண்ணம் எந்தக் கையில் என்பதை வடிவத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இப்படி நூல்களை எப்போதும் ஒரே இடத்தில் வைத்திருந்தால், அவை ஒன்றையொன்று முறுக்கிச் சிக்குவதும் நின்றுவிடும்.

கேள்வி: ஸ்வெட்டரின் மார்பில் ஒரே ஒரு யானை வர வேண்டும். இருபுறமும் இருபது, இருபத்தைந்து கண்ணிகள் வெறும் தரை. ஃப்ளோட்டை எத்தனை இடத்தில் பிணைப்பது?
(வாசகர், பெங்களூரு)

பதில்: ஓர் இடத்திலும் வேண்டாம், இந்த யானைக்கு இரு வண்ண ஓட்டப் பின்னலே ஏற்றதன்று. யானையின் நூலை அதன் உருவத்துக்குள் மட்டும் தனி உருண்டையாக வைத்துப் பின்னும் இன்டார்சியா முறை இருக்கிறது. ஸ்வெட்டரை ஒரே வண்ணத்தில் முடித்துவிட்டு, ஊசியால் கண்ணிகளின் மேலேயே வேறு நூலை ஓட்டி யானையை வரைந்துவிடுவது அதைவிடச் சுலபம்.

யானைகள் வரிசையாக மார்பைச் சுற்றி வர வேண்டும் என்றால் மட்டும் ஓட்டப் பின்னலைப் பற்றிப் பேசலாம். ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவிலுள்ள ஃபேர் ஐல் என்ற சின்னஞ்சிறு ஸ்காட்லாந்துத் தீவின் ஸ்வெட்டர்களைப் பாருங்கள். வண்ணங்கள் ஏராளமாகத் தோன்றினாலும், எந்தச் சுற்றிலும் இரண்டுக்கு மேல் கிடையாது. வடிவங்களும் சாய்கோடுகளும் சிறு கட்டங்களுமாக அமைந்து, ஒரு வண்ணம் நெடுந்தூரம் தொடராதபடி பார்த்துக்கொள்கின்றன. ஃப்ளோட் நீளாமல் காக்கும் வேலையைக் கைக்கு விடாமல் வடிவத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள் அந்தத் தீவின் பெண்கள். நார்வேயின் செத்தெஸ்தால் பகுதி ஸ்வெட்டர்களில் கறுப்புத் தரை முழுவதும் ஒற்றை வெள்ளைக் கண்ணிகள் தூவியிருக்கும். வெள்ளை நூல் வெகுதூரம் சும்மா ஓடாதபடி அவையும் தடுக்கின்றன. உங்கள் யானைகளுக்கு நடுவிலும் அப்படி ஐந்தாறு கண்ணிக்கு ஒரு புள்ளி வைத்தால், தரைக்கும் அழகு, நூலுக்கும் இளைப்பாற இடம்.

புள்ளியே வேண்டாம், தரை வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஏணிப் பின்னல் என்றொரு வழி உண்டு. நீண்ட இடைவெளியின் நடுவே, ஓடும் நூலைக் கொண்டு பின்புறத்தில் கூடுதலாக ஒரு கண்ணியை எழுப்பி, ஒவ்வொரு சுற்றிலும் அதை ஓடும் நூலாலேயே பர்ல் கண்ணியாக, அதாவது சாதாரணக் கண்ணியின் முதுகு நம்மைப் பார்க்கும்படி, பின்னிக்கொண்டு போக வேண்டும். முன்பக்கத்தில் எதுவும் தெரியாது, துணியும் நன்றாக இழுபடும். யானை முடிந்ததும் அந்தக் கண்ணியைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னி மறைத்துவிடலாம்.

கேள்வி: இடக்கையில் நூல் பிடிக்கவே வரவில்லை. இரண்டு நூலையும் வலக்கையிலேயே வைத்துக்கொண்டால் குற்றமா?
(வாசகி, நுவரெலியா)

பதில்: குற்றமே இல்லை, வேகம் மட்டும் சற்றுக் குறையும். பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியிலுள்ள தகிலே தீவில் ஆண்கள்தாம் குல்லாய் பின்னுகிறார்கள். அவர்கள் நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பின்னலின் பின்பக்கம் தம்மைப் பார்த்திருக்க, பர்ல் கண்ணியாகவே பின்னிக்கொண்டு போவார்கள். ஃப்ளோட் முழுவதும் கண் முன்னாலேயே ஓடுவதால், தளர்வும் இறுக்கமும் உடனே தெரிந்துவிடும். அவர்களுடைய நெசவு, பின்னல் கலையை 2005-இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியக் கலைகளுள் ஒன்றாக அறிவித்தது. பர்ல் கண்ணி உங்களுக்குச் சுலபமாக வருமானால் அதையும் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: முழு ஸ்வெட்டரும் முடிந்துவிட்டது. முதுகில் ஓரிடத்தில் மட்டும் ஒரு ஃப்ளோட் இறுகிக் கிடக்கிறது. பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா?
(வாசகி, குன்னூர்)

பதில்: கம்பளியாக இருந்தால் முதலில் நனைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, சுருங்கிய இடத்தை விரித்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். லேசான சுருக்கம் இதிலேயே போய்விடும். அப்படியும் போகாவிட்டால், ஃப்ளோட்டின் இரு முனைகளுக்கும் அருகிலுள்ள அதே வண்ணக் கண்ணிகளிலிருந்து குரோஷா ஊசியால் சிறிது சிறிதாக நூலை நகர்த்திக் கொண்டுவரலாம். ஒரே கண்ணியிலிருந்து பறிக்காமல் ஐந்தாறு கண்ணிகளில் பகிர்ந்து எடுத்தால் முன்பக்கத்தில் தெரியாது. அதுவும் போதாதபோது ஃப்ளோட்டின் நடுவில் வெட்டி, அதே வண்ணத்தில் ஒரு துண்டு நூலைச் சேர்த்து, நான்கு முனைகளையும் பின்கண்ணிகளுக்குள் ஓட்டி மறைத்துவிடுங்கள். அக்ரிலிக் நூல் நனைப்புக்கு அவ்வளவாக மசியாது. அதற்காகச் சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிடாதீர்கள். நூல் உருகித் துவண்டுபோகும், பிறகு மீட்கவே முடியாது.