நுரை வாள் சண்டையில் அடி பட்டும் ஒத்துக்கொள்ளாதவனை என்ன செய்வது?

கேள்வி: தர்மபுரியில் நண்பர்கள் சேர்ந்து நுரை வாள் சண்டை ஆடுகிறோம். ஒருவன் மட்டும் அடி பட்டாலும் 'படவே இல்லை' என்று சாதிக்கிறான். ஆட்டமும் வரவர முரட்டுத்தனமாகிறது. என்ன செய்யலாம்?

இரண்டும் ஒரே பிரச்சினைதான். லேசாகத் தட்டியதை ஒருவன் கணக்கில் எடுக்கவில்லை என்றால், எதிரில் இருப்பவன் அடுத்த முறை ஓங்கித்தான் அடிப்பான். அதைப் பார்த்து மற்றவர்களும் ஓங்குவார்கள். அழுகுணி ஆட்டம் முதலில் கெடுப்பது பாதுகாப்பைத்தான்.

1977இல் அமெரிக்காவில் தொடங்கிய டாகோர்ஹிர் என்ற நுரை ஆயுதச் சண்டை இந்த வகை ஆட்டங்களுக்கு ஒரு முன்னோடி. அதில் அடி பட்டதா இல்லையா என்று சொல்வது வாங்கியவரின் பொறுப்பு. கையில் பட்டால் அந்தக் கையை அதன்பிறகு பயன்படுத்தக் கூடாது. காலில் பட்டால் மண்டியிட்டு ஆட வேண்டும். உடம்பில் பட்டால் அவுட். தலையில் வாளால் அடிக்கவே கூடாது. கிருஷ்ணகிரியில் நாங்களும் இப்படித்தான் ஆடுகிறோம், முட்டிக்காப்பு மட்டும் கட்டாயம். (நம் ஊர் நெருஞ்சி முள்ளுக்கு அமெரிக்க விதியெல்லாம் தெரியாது.) இருவர் வாளும் ஒரே நேரத்தில் பட்டால் இருவருமே அவுட். 'நான்தான் முதலில்' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். சந்தேகம் என்றால் பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடித்தவர் 'பட்டுச்சு, பட்டுச்சு' என்று கத்தக் கூடாது.

அப்புறம், வாளை ஒரு தடவை பாருங்கள். சோபா ஸ்பாஞ்ச் சுற்றியிருந்தால் தூக்கிப் போடுங்கள். சில ஆட்டத்திலேயே அமுங்கி, உள்ளே இருக்கும் பிவிசி பைப்தான் அடிக்கும். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு நுரைக்குழாய் எவ்வளவோ மேல். கட்டைவிரலால் அழுத்தும்போது பைப் தட்டுப்பட்டால் அந்த வாள் அன்றைக்கு வேண்டாம். பைப்பின் நுனியை மூடி போட்டு அடைத்து, அதன் மேல் நுரை வையுங்கள். குத்தும் ஆயுதம் என்றால் நுனி கண்குழிக்குள் நுழையாத அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும்.

தலையடி பெரும்பாலும் வேண்டுமென்றே விழுவதில்லை. தோளுக்கு வீசிய வாள் கேடயத்தின் மேல் விளிம்பில் பட்டு எகிறும், அல்லது எதிராளி அந்த நேரம் பார்த்துக் குனிவார். அதனால் புதியவர்கள் தொடையைக் குறிவைப்பது நல்லது. பழகியவர்கள் தொடைக்கு வீசுவதுபோல் காட்டி, கேடயம் இறங்கியதும் தோளைத் தொட்டுவிடுவார்கள். வேலையெல்லாம் மணிக்கட்டில்தான், புஜபலம் தேவையே இல்லை. சிலம்பம் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே வரும். பின்பக்கம் வருவது, ஒருவனை இருவர் வளைப்பது எல்லாம் என் கணக்கில் தந்திரம்தான், ஏமாற்று இல்லை. ஆனால் பின்னாலிருந்து வந்தால் தட்டினால் போதும், அவர் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. பின்வாங்குகிறவரை நெஞ்சோடு மோதித் தள்ளுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து மைதானங்களில் கருங்கல் எங்கே தலை நீட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. யார் 'நிறுத்து' என்றாலும் வீசிய வாள் பாதியில் நிற்க வேண்டும்.

சரி, உங்கள் நண்பர். எல்லார் முன்னாலும் அவரைச் சீண்டாதீர்கள். ஓரிரு ஆட்டம் நடுவராக நிற்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்று பார்க்கிறவருக்கு ஒவ்வொரு அடியும் பளிச்சென்று தெரியும், யார் மழுப்புகிறார் என்பதும் தெரியும். பலர் அதோடு வழிக்கு வந்துவிடுவார்கள். வரவில்லை என்றால் அன்றைக்கு வாளை வாங்கி வைத்துவிட்டு உட்கார வையுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.