ஹார்வர்டின் எலியட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகங்கள் பற்றிய கட்டுரையில், ஹார்வர்டை இன்றைய ஹார்வர்ட் ஆக்கியவர் சார்லஸ் வில்லியம் எலியட் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் படித்தேன், குழப்பம்தான் கூடியது. வேதியியல் ஆசிரியர், ஆனால் ஆய்வில் பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பேராசிரியர் பதவி கிடைக்காமல் 1863இல் ஹார்வர்டை விட்டுப் போனவர், 1869இல் 35 வயதில் அங்கேயே தலைவராக வந்து உட்காருகிறார். அப்பா பாஸ்டன் மேயராகவும் ஹார்வர்டின் பொருளாளராகவும் இருந்தவராம். அப்படியென்றால் இது குடும்பச் செல்வாக்கில் வந்த பதவிதானே? அறிஞர் அல்லாத ஒருவர் அறிஞர்களை நாற்பது வருடம் ஆண்டது எப்படி?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

செல்வாக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். பாஸ்டனின் பழைய பணக்காரக் குடும்பம் அது. (கவிஞர் டி.எஸ். எலியட்டும் தூரத்து உறவுதான்.) ஆனால் 1857இன் பொருளாதார வீழ்ச்சியில் அப்பாவின் சொத்து முழுகிவிட்டது. 1863இல் அந்தப் பேராசிரியர் பதவி நியூயார்க்கிலிருந்து வந்த வோல்காட் கிப்ஸுக்குப் போனது. கிப்ஸ் பல மடங்கு பெரிய வேதியியலாளர். என்னைக் கேட்டால், ஹார்வர்ட் எடுத்தது சரியான முடிவு.

அப்புறம் எலியட் செய்ததுதான் விசேஷம். தாத்தா விட்டுச்சென்ற பணத்தில் மனைவி மக்களோடு ஐரோப்பா போய், பள்ளிகளையும் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் சுற்றிப் பார்த்தார். பாடத்திட்டம் என்ன, கணக்கு வழக்கு எப்படி, படித்து வெளியே வருகிறவன் எந்தத் தொழிலுக்குப் போகிறான் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அங்கே இருக்கும்போதே லோவல் நகரத்தின் பெரிய துணி ஆலை ஒன்று அவரை நிர்வாகியாகக் கூப்பிட்டது. வருடத்துக்கு 5,000 டாலர், குடியிருக்க வீடு. கையில் வேலை இல்லாத மனுஷன் வேண்டாம் என்று எழுதிவிட்டார். 1865இல் திரும்பி வந்து, அப்போதுதான் வகுப்புகள் தொடங்கியிருந்த எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். 1869இல் அட்லாண்டிக் மன்த்லி இதழில் புதிய கல்வி பற்றி இரண்டு பகுதிகளாக அவர் எழுதிய கட்டுரை பலர் கண்ணில் பட்டது. ஹார்வர்டின் நிர்வாகக் குழு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, மேற்பார்வைக் குழு முதலில் அதைத் திருப்பி அனுப்பியது. குடும்பச் செல்வாக்கு மட்டும் போதும் என்றால் இந்த இழுபறி வந்திருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. எலியட் என்றாலே மாணவர் தானே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் மருத்துவப் பள்ளியைத்தான் முதலில் சொல்வேன்.

அவர் வந்தபோது அது பெயருக்குத்தான் ஹார்வர்டைச் சேர்ந்தது. மாணவர்கள் பேராசிரியர்களின் விரிவுரைகளுக்குச் சீட்டு வாங்கினார்கள், அந்தப் பணத்தைப் பேராசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடைசித் தேர்வு வாய்மொழியாகத்தான். ஒரு பெரிய அறையில் ஒன்பது பேராசிரியர்கள், ஒன்பது பாடங்கள். மாணவர் ஒவ்வொருவர் முன்னும் சில நிமிடம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மணி அடித்தால் அடுத்தவரிடம் போக வேண்டும், இசை நாற்காலி மாதிரி. முடிவில் பெயரைக் கூப்பிட, பேராசிரியர்கள் ஆளுக்கு ஓர் அட்டையைக் காட்டுவார்கள். கரும்புள்ளி இருந்தால் தோல்வி. ஒன்பதில் ஐந்து பேர் சரி என்றால் அவர் டாக்டர். நான்கு பாடத்தில் ஒன்றுமே தெரியாதவர் மறுநாள் காலையில் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கலாம்.

எழுத்துத் தேர்வு வேண்டும் என்றார் எலியட். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ கடுமையாக எதிர்த்தார். சாதாரண ஆள் இல்லை, 1846இல் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்துச் செய்த அறுவை சிகிச்சையை உலகுக்கு அறிவித்தவர். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒழுங்காக எழுதவே வராது, அவர்கள் எப்படி எழுத்துத் தேர்வில் தேறுவார்கள்?

உடற்கூறியல் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் ஒரு கூட்டத்தைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எண்பது வருடமாக நாங்களே நன்றாக நடத்திவந்ததை மூன்று நான்கு மாதத்துக்குள் தலைகீழாக மாற்றுகிறீர்களே, இது எப்படி என்று ஒருவர் கேட்கிறார். எலியட் நிதானமாகப் பதில் சொல்கிறார்: புதிய தலைவர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

1871இல் மாற்றம் வந்தது. மூன்று வருடப் படிப்பு, எழுத்துத் தேர்வு, எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு. மாணவர் எண்ணிக்கை சரிந்தது. எலியட் அசரவில்லை. பிறகு மெல்ல ஏறியது.

அறிஞராக இல்லாததுதான் அவருக்குக் கை கொடுத்தது என்று நினைக்கிறேன். பெரிய வேதியியலாளராக இருந்திருந்தால் ஆய்வகத்தை விட்டு மருத்துவர்களின் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பாரா? இவர் எல்லாப் பள்ளிகளின் கூட்டங்களுக்கும் போனார், வாக்குவாதத்தைப் பொறுமையாகக் கேட்டார், தன் கருத்தை விடவில்லை. சட்டப் பள்ளிக்கு லேங்டெல் என்பவரைக் கொண்டுவந்து, வழக்குகளை வைத்தே சட்டம் சொல்லித்தரும் முறைக்குத் துணை நின்றதும் இவர்தான்.

மாணவரே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில் கொஞ்சம் அளவு மீறிவிட்டார். 1890களின் கடைசியில் கட்டாயம் என்று முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சிக்கு மேல் அதிகம் மிஞ்சவில்லை. கெட்டிக்காரர்கள் அதில் செழித்தார்கள், மற்றவர்கள் சுலபமான பாடங்களாகப் பொறுக்கிக்கொண்டார்கள். 1909இல் அடுத்த தலைவராக வந்த லோவல் அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

நல்லவரா என்றும் கேட்பீர்கள். 1871இல் கிப்ஸின் கையிலிருந்து வேதியியல் ஆய்வகம் போனது, அவர் இயற்பியல் கற்பிக்க அனுப்பப்பட்டார். இரண்டு ஆய்வகத்தை ஒன்றாக்கிச் செலவைக் குறைக்கிறோம் என்பது நிர்வாகக் காரணம். இருக்கலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவின் முதல் வரிசை வேதியியலாளர் ஒருவரைச் சிக்கனத்துக்காக ஓரம் கட்டியது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது. பெண்களை ஆண்களோடு சேர்த்துப் படிக்கவைக்கவும் அவர் கடைசிவரை ஒப்பவில்லை. அவர் அவ்வளவு பாடுபட்டுச் சீர்திருத்திய மருத்துவப் பள்ளியில் முதல் மாணவிகள் சேர்ந்தது 1945இல்தான்.

அன்புடன்.