ஓசூரிலேயே இருந்துவிடலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

உன் தோழியைத்தான் நேசிக்கிறாய் என்று பாலக்கோட்டு வீட்டில் தெரிந்துவிட்டது, "சரிபண்ண" டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள், வராவிட்டால் காணோம் என்று போலீஸில் புகார் கொடுப்பார்களாம் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நானும் தருமபுரிக்காரிதான், அக்கா என்றே நினைத்துக்கொள்.

உன்னிடம் சரிபண்ண ஒன்றுமே இல்லை. அந்த மாதிரி "மாற்றும்" சிகிச்சையை 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு அது. காணோம் என்ற புகாரில் இருவரும் வயது வந்தவர்கள், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. அதில் ஒரு நகலை இருவருமே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் உன் கையில் இருக்கிறதா? வீட்டு பீரோவில் என்றால் அதற்காகத் தனியாக ஊருக்குப் போகாதே, நகல் வாங்கிக்கொள்ளலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100-க்கு போன் போடு.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் சொன்ன அன்று என் அம்மா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை, கொட்டை தெறித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் பேச்சில்லை. அப்புறம் ஒருநாள் ஊர்க்காரர் ஒருவரிடம் மஞ்சப்பை கொடுத்தனுப்பினார். உள்ளே இரண்டு உருண்டை புளி, "ஒண்ணு அந்தப் பொண்ணுக்காம்" என்றார் அவர்.