2000 பேரும் 7 பேரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜனின் பிரசங்கங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் போகிற போக்கில், அவர் 1887இல் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான பாப்டிஸ்ட் யூனியனை விட்டு வெளியேறினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிதான் என்னை விடாமல் குடைகிறது. எங்கள் ஊரில் நான்கு பாப்டிஸ்ட் சபைகள். போதகர்கள் நால்வரும் மாதம் ஒருமுறை கூடி ஜெபிப்பார்கள். இப்போது எங்கள் போதகர், உபதேசம் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி அதிலிருந்து விலகிவிட்டார். யாரோடு, எதில் என்று கேட்டால், “ஸ்பர்ஜனே வெளியே வந்தவர்தானே” என்கிறார். அப்படியானால் யோவான் 17இல் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் ஜெபித்தது என்ன ஆயிற்று? ஒவ்வொரு சபையும் தனிச்சபை என்று சொல்லிக்கொள்கிற நமக்கு யூனியனே எதற்கு? எங்கள் போதகர் செய்தது சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஸ்பர்ஜன் பெயரைச் சொன்னால் நம் ஆட்கள் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள் என்று உங்கள் போதகருக்குத் தெரிந்திருக்கிறது. நானும் அப்படி வாயை மூடிக்கொண்டவன்தான். ஆனால் அந்த 1887 கதையை முழுதாகப் படித்தால் அது அவருக்குக் கைகொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த வருடம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஸ்பர்ஜனின் மாதப் பத்திரிகையில் இரண்டு கட்டுரைகள் பெயரில்லாமல் வந்தன. (பத்திரிகையின் பெயர் ‘வாளும் கரணையும்’ என்று வரும். கரணை என்றால் கொத்தனார் கையில் இருக்குமே, அது. நெகேமியா காலத்தில் ஒரு கையில் வேலை, ஒரு கையில் ஆயுதம் என்று மதில் கட்டியவர்களை நினைத்து வைத்த பெயர்.) எழுதியவர் ராபர்ட் ஷிண்ட்லர் என்ற போதகர். இங்கிலாந்தின் சபைகள் உபதேசத்தில் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்பது கட்டுரைகளின் சாரம். ஆகஸ்டில் ஸ்பர்ஜனே பேனாவை எடுத்தார். பாவநிவாரண பலியை இகழ்கிறார்கள், வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதைக் கேலி செய்கிறார்கள், இவர்களோடு ஒரே ஐக்கியத்தில் எப்படி இருப்பது என்று கேட்டார். அக்டோபர் 28ஆம் தேதி யூனியனின் செயலாளர் சாமுவேல் ஹாரிஸ் பூத்துக்குக் கடிதம் எழுதி விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 53. லண்டனில் அவர் சபையைவிடப் பெரிய பாப்டிஸ்ட் சபை கிடையாது.

யூனியன் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யார் அப்படிப் போதிக்கிறார்கள், பெயரைச் சொல்லுங்கள். ஸ்பர்ஜன் சொல்லவில்லை. அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. இதே கவலையைத் தன்னிடம் பேசியவர்களில் செயலாளர் பூத்தும் ஒருவர், அவர் எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன என்றார். அவற்றை வெளியிட பூத் சம்மதிக்கவில்லை. ஸ்பர்ஜனும் நம்பிக் கொடுத்ததைக் காட்ட மாட்டேன் என்று இருந்துவிட்டார். இது ஒரு மனுஷனின் நாணயம், இதில் நான் அவர் பக்கம். ஆனால் விளைவு என்ன? 1888 ஜனவரி 18இல் யூனியனின் கவுன்சில் கூடி அவர் விலகலை ஏற்றுக்கொண்டது. பெயர் கொடுக்க மறுக்கிறவர் அந்தக் குற்றச்சாட்டை வைத்திருக்கவே கூடாது என்று ஒரு கண்டனத் தீர்மானத்தையும் போட்டது. பெயரில்லாத குற்றச்சாட்டில் மாட்டாதவர் எவருமில்லை. அன்றைக்கு ஆயிரம் போதகர்கள் கண்ணாடி முன்னால் நின்று ‘என்னைத்தான் சொல்கிறாரோ’ என்று யோசித்திருப்பார்கள், பக்கத்து ஊர்க்காரரை இன்னொரு மாதிரி பார்த்திருப்பார்கள்.

தம்பி, உங்கள் ஊரில் மற்ற மூன்று போதகர்களும் இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

யூனியன் பக்கமும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் வழி தவறுகிறார் என்றால் எந்த வழியிலிருந்து என்று சொல்ல வேண்டுமே? அப்போது யூனியனுக்கு என்று உருப்படியான விசுவாச அறிக்கையே கிடையாது. விசுவாசித்தவர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம், அவ்வளவுதான் அடிப்படை. தண்ணீரில் இறங்கியவர் அப்புறம் எதை நம்பினாலும் யூனியனில் இருக்கலாம். இதற்கு ஒரு வேலி வேண்டும் என்று ஸ்பர்ஜன் கேட்டது நியாயம்தான், ஆனால் வேலி கேட்கிறவர் வாசலைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு கேட்டார்.

அடுத்து ஏப்ரல் 23. இந்த ஒரு நாள்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மறக்காதது. லண்டன் சிட்டி டெம்பிள் கட்டடத்தில் யூனியன் கூடுகிறது. ஒரு விசுவாச அறிவிப்பு முன்வைக்கப்படுகிறது. வேதம், மனுஷனின் பாவ நிலை, கிறிஸ்துவின் தெய்வத்துவம், விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஸ்பர்ஜன் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். கடைசியில் உயிர்த்தெழுதலும் மத்தேயு 25:46இன்படியான நியாயத்தீர்ப்பும் (நீதிமான்களுக்கு நித்திய ஜீவன், மற்றவர்களுக்கு நித்திய தண்டனை) வருகிறது. அங்கேதான் ஒரு அடிக்குறிப்பு: இந்த வசனத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அர்த்தத்தை ஏற்காத சகோதரர்களும் யூனியனில் இருந்திருக்கிறார்கள் என்று. அதாவது மேலே கட்டிய வேலிக்குக் கீழே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம். தீர்மானத்தைக் கொண்டுவந்த சார்ல்ஸ் வில்லியம்ஸ் அந்த அடிக்குறிப்புக்காகவே பேசினார். தீர்மானத்தை வழிமொழிந்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஸ்பர்ஜன். ஸ்பர்ஜனின் கூடப்பிறந்த தம்பி, அதே சபையில் அவரோடு துணைப்போதகர். ஆதரவு 2000, எதிர்ப்பு 7. சமாதானம் வந்துவிட்டது என்று கூட்டத்தில் பலருக்கு ஒரே சந்தோஷம்.

ஸ்பர்ஜனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அவர் திரும்பி வரவும் இல்லை. நான்கு வருடம்கூட ஆகவில்லை, 1892 ஜனவரி 31இல் பிரான்சில் மென்டோனில் இறந்துபோனார். அவர் கல்லூரியில் படித்து அவர் கையால் ஊழியத்துக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் யூனியனிலேயே இருந்துவிட்டார்கள், சொந்தத் தம்பியே அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தபோது மாணவர்களை என்ன சொல்வது.

இனி யூனியன் எதற்கு என்ற உங்கள் கேள்வி. சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) பேராயர் இருக்கிறார், சினாடு என்ற தலைமை மன்றம் இருக்கிறது. ஒரு ஐயர் (அங்கே போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்) சரியில்லை என்றால் இடமாற்றம் செய்யலாம், விசாரணை வைக்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம் (போகிறார்கள்!). நமக்கு மேலே யாரும் இல்லை. போதகரை அழைப்பதும் சபை, அனுப்புவதும் சபை. யூனியன் என்பது சபைகள் சேர்ந்து மிஷனரி அனுப்பவும் கல்லூரி நடத்தவும் வைத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு. அது ஒரு சபைக்குக் கட்டளை போட முடியாது. அதனால் மனஸ்தாபம் வந்தால் கையில் இருக்கிற ஆயுதம் இரண்டே இரண்டு: நான் போகிறேன், அல்லது நீ போ. நடுவில் படிக்கட்டே இல்லாத வீடு மாதிரி, மாடியில் இருப்பவன் இறங்க வேண்டுமென்றால் குதிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷனிலும் இதே கதைதான். 1845இல் அது பிறந்ததே பிரிவினையில், அதுவும் அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில். (எல்லாப் பிரிவினையும் பரிசுத்தமானது என்று நினைக்கிறவர்கள் அந்த வருடத்தை ஒரு தடவை படிக்க வேண்டும்.) 2023இல் பெண்ணைப் போதகராக வைத்ததற்காக சேடில்பேக் சபையை வெளியேற்றினார்கள். நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் அதன் ஸ்தாபகர் ரிக் வாரன் மைக் முன்னால் நின்று மேல்முறையீடு செய்தார், பெரும்பான்மை வாக்கில் தள்ளிவிட்டார்கள். மறுவருடம் இதையே கன்வென்ஷனின் சட்டத்தில் எழுதிவிடலாம் என்று கொண்டுவந்த திருத்தத்துக்கு 61 சதவீதம் ஆதரவு இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது. அதே ஜனங்கள்தான். ஒரு சபையை அனுப்பக் கை தூக்கியவர்களில் பலருக்கு, அதை நிரந்தர விதியாக எழுதிவைக்க மனம் வரவில்லை.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று தோன்றினால் என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் வேலை மாற்றலாகி ஒரு ஊருக்குப் போனேன். பழைய சபையில் மாற்றுக் கடிதம் வாங்கி, மடிப்புக் கலையாமல் வேதத்துக்குள் வைத்து எடுத்துப்போய்ப் புதிய சபைப் போதகரிடம் நீட்டினேன். அதுவும் பாப்டிஸ்ட் சபைதான். அவர் கடிதத்தைப் படித்தார், திரும்ப மடித்தார், “ஞானஸ்நானம் கொடுத்தது யாரு?” என்றார். பெயரைச் சொன்னேன். “அவர் எல்லாரையும் பந்தியில சேர்க்கிறவராச்சே” என்று கடிதத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கர்த்தருடைய பந்தியின் அப்பமும் திராட்சரசமும் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியைப் பரிமாறின உதவிக்காரர் ஒவ்வொரு மாதமும் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நகர்த்துவார், பாவம், அவருக்குத்தான் என்னைவிடச் சங்கடம்.

அந்தச் சண்டைக்கும் வயது முந்நூற்றைம்பது. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவரைக் கர்த்தருடைய பந்தியில் சேர்க்கலாமா? சேர்க்கலாம், தண்ணீர் விஷயத்தில் உள்ள வித்தியாசம் பந்திக்குத் தடையில்லை என்று ‘மோட்ச பிரயாணம்’ எழுதிய ஜான் பனியன் 1673இல் புத்தகமே எழுதினார். லண்டனில் போதகர் வில்லியம் கிஃபின் முடியவே முடியாது என்றார். இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் 1677இல் தயாராகி 1689இல் நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் ஏற்றுக்கொண்ட அந்த விசுவாச அறிக்கையை (நம் சீர்திருத்த பாப்டிஸ்ட் சகோதரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்களே, அதுதான்) எடுத்துப் பாருங்கள். 32 அதிகாரம். அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பின்னிணைப்பில் அவர்களே சொல்கிறார்கள்: இந்த விஷயத்தில் எங்களுக்குள் முழு ஒத்த கருத்து இல்லை, அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம் என்று. கிஃபினும் அதில் கையெழுத்துப் போட்டவர்.

எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. 32 அதிகாரத்துக்கு ஒத்துப்போகிறோம், இதில் ஒத்துப்போகவில்லை, இரண்டையும் அச்சில் போட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். ஸ்பர்ஜனும் ஊழியத்தின் ஆரம்பத்திலேயே, 1855இல், இதே அறிக்கையை மறுபதிப்புச் செய்து தன் சபைக்குக் கொடுத்தவர்தான். அது அவர் சபைக்கு வேலியாக இருந்தது, யூனியனுக்கு வேலியாக இல்லை. 1888இன் அடிக்குறிப்பும் கருத்து வேறுபாட்டைத்தானே சொன்னது, அதில் மட்டும் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். 1689இல் விட்டது யார் பந்தியில் உட்காரலாம் என்பதை. 1888இல் நெகிழ்த்தியது ஆண்டவரின் நியாயத்தீர்ப்பை, அதுவும் இனி நமக்குள் பிரச்சினையே இல்லை என்று கைதட்டிக்கொண்டு.

சரி, உங்கள் போதகர் செய்தது சரியா? எனக்குத் தெரியாது தம்பி, அவர் யாருக்கும் சொல்லவில்லையே. அப்போஸ்தலர்களான பவுலும் பர்னபாவும் பிரிந்தபோதுகூடக் காரணம் வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறது, மாற்கு என்று ஆளின் பெயரோடு. நம்முடையது பாப்டிஸ்ட் சபை, அங்கத்தினர் கூட்டம் என்று ஒன்று இருக்கும். அடுத்த கூட்டத்தில் எழுந்து மரியாதையாகவே கேளுங்கள்: ஐயா, அந்த நால்வருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விசுவாச அறிக்கை ஏதாவது இருந்ததா, இருந்தால் அதில் எந்த வரியில் மற்றவர்கள் விலகினார்கள், அவர்களிடம் நேரில் பேசினீர்களா? ஸ்பர்ஜன் பெயரை மறுபடியும் எடுத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டிவிடுங்கள், என்மேல் கோபப்பட்டால் பரவாயில்லை.

அப்படி ஒரு அறிக்கை இருந்தால் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். அடிக்குறிப்பு இருக்கிற பக்கத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்