அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகலாமா? தீயில் சிக்கினால் யாரை அழைப்பது?

கேள்வி: நாங்கள் திருப்பூரைச் சேர்ந்த நண்பர்கள் எட்டுப் பேர். மார்ச் இரண்டாவது வாரத்தில் முதுமலைப் பக்கம் இரண்டு நாள் மலையேற்றம் போவதாக இருக்கிறோம். சமூக ஊடகம் வழியாக அறிமுகமான ஒருவர் தலைக்கு 3,500 ரூபாய் கேட்கிறார். வனத்துறை அனுமதி தேவையில்லை, தனக்குப் பழகிய பாதைதான், இரவில் ஓடைக்கரையில் நெருப்பு மூட்டித் தங்கலாம் என்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். என் அக்கா மட்டும் இது காட்டுத்தீ நேரம், போகாதே என்று தடுக்கிறார். மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமா? தீயில் சிக்கினால் யாரை அழைப்பது, என்ன செய்வது?

பதில்: உங்கள் அக்கா சொல்வதைக் கேளுங்கள். வனத்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நபர் உங்களுக்குச் சொன்ன மூன்று விஷயங்களுமே தவறு. அனுமதி தேவை. காட்டுக்குள் 'பழகிய பாதை' என்று ஒன்று மார்ச் மாதத்தில் கிடையாது. ஓடைக்கரை நெருப்பு குற்றம்.

முதலில் சட்டம். முதுமலை 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா, முழுவதும் புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியாட்கள் நுழையக் கூடாது. 30-வது பிரிவு அங்கே ஆபத்து விளைவிக்கும் விதமாக நெருப்பு மூட்டுவதையும், மூட்டிய நெருப்பை அணைக்காமல் விட்டுவருவதையும் தடை செய்கிறது. இந்த இரண்டும் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும் என்று 35-வது பிரிவு சொல்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022-இல் சட்டம் திருத்தப்படும் வரை அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயாகத்தான் இருந்தது. பழைய தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு 'கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அபராதத்தோடு முடியுமா என்றால், பல நேரங்களில் இணக்கக் கட்டணம் வசூலித்து வழக்கை முடிப்பது உண்டு. ஆனால் அது உங்கள் உரிமை அன்று, அதிகாரியின் முடிவு. உங்களை நிறுத்திச் சோதிக்கவும், பொருள்களையும் வண்டியையும் கைப்பற்றவும், தேவையானால் பிடியாணை இல்லாமல் கைது செய்யவும் வன அலுவலருக்கு அதே சட்டத்தின் 50-வது பிரிவு அதிகாரம் தருகிறது. உங்கள் நெருப்பு பரவி ஒரு மலைச்சரிவு எரிந்துபோனால், இணக்கம் என்ற பேச்சை யாரும் எடுக்கப் போவதில்லை.

சட்டத்தை இத்தோடு விடுகிறேன். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அபராதம் இல்லை. 'மாட்டிக்கொள்வது' ஒரு பிரச்சினை, 'தீயில் சிக்குவது' வேறொரு பிரச்சினை என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். காட்டில் இரண்டும் ஒன்றுதான். உங்களைத் தடுத்து நிறுத்தும் வனக்காப்பாளரும், தீயை அடிக்கப் போகிற ஆளும், கால் முறிந்து கிடந்தால் உங்களைத் தோளில் சுமந்து இறக்குகிறவரும் ஒரே மனிதர். சோதனைச் சாவடி நோட்டில் அவர் எழுதிக்கொள்ளும் ஒரு வரி, எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்ற அந்த வரி, உங்களைத் தேடத் தொடங்குவதற்கான முதல் தகவல். அவர் கண்ணில் படாமல் போனால் அந்த வரி இருக்காது.

ஒரு கோடைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தகப்பனார் எங்கள் சரக அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகனும் அவன் நண்பனும் காலையில் கிளம்பியவர்கள் திரும்பவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டால் அவர் கையை உயர்த்தி இருட்டில் மலையைக் காட்டினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மலையில் ஏறுவதற்கு நான்கு முகங்கள் உண்டு. பதினோரு பேர் நான்காகப் பிரிந்து, டார்ச் வெளிச்சத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். கூப்பிட்டுவிட்டு நின்று காது கொடுக்க வேண்டும். பதில் வருகிறதா என்பதற்கு மட்டுமல்ல, மூங்கில் முறியும் சத்தம் கேட்கிறதா என்பதற்கும். ஒரு குழு யானைக் கூட்டத்துக்காக இரண்டு மணி நேரம் பாறை மேல் ஏறி உட்கார வேண்டியதாயிற்று. விடிந்த பிறகு, எங்களோடு வந்த இருளர் இன வேட்டைத் தடுப்புக் காவலர் ஓர் உன்னிச்செடிப் புதர் முன்னால் நின்றார். இடுப்பு உயரத்தில் ஒரு கிளை முறிந்து, முறிந்த இடம் இன்னும் பச்சையாக இருந்தது. "மான் இவ்வளவு உயரத்தில் முறிக்காது, யானை இவ்வளவு சின்னதாக முறிக்காது" என்றார். அங்கிருந்து அரை மணி நேர நடையில் இருவரும் கிடைத்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் உடைந்திருந்தது. காட்டுக்கொடியையும் இரண்டு கம்புகளையும் வைத்து டோலி கட்டித் தூக்கி வந்தோம். பாதை தெரிந்திருந்தால் முந்தின இரவு பத்து மணிக்கே கீழே இறக்கியிருப்போம்.

இனி தீ. பிப்ரவரியில் இலையுதிர் காடுகள் இலையைக் கொட்டிவிடும். தரை முழுக்கச் சருகு. அதற்கு மேல் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். இடையிடையே எண்ணெய்ப்பசையுள்ள உன்னிச்செடி. மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு தீயை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பீடித்துண்டு, அடுப்பு, வேண்டுமென்றே வைத்த நெருப்பு, உங்களைப் போன்றவர்கள் குளிருக்கு மூட்டிவிட்டு அணைத்ததாக நினைத்துக்கொண்ட நெருப்பு. காய்ந்த யானை லத்தி (சாணம்) ஒன்றில் பொறி பட்டால் போதும். வெளியே சாம்பல் பூத்து அணைந்ததுபோல இருக்கும். உள்ளே நார் மறுநாள் வரை கனன்றுகொண்டிருக்கும். மதியக் காற்றில் உருண்டு சரிவில் இறங்கினால் அடுத்த தீ அங்கே தொடங்கும்.

இதற்காகவே கோடை தொடங்குமுன்பே தீத்தடுப்புக் கோடு போடுகிறோம். சாலையின் இருபுறமும், காட்டுக்குள் முகடுகளின் மேலும், புல்லையும் புதரையும் வெட்டி, பனி ஈரம் இருக்கும் நேரம் பார்த்து, நாமே மெல்ல எரித்து வைப்பது. தீ வந்தால் தின்ன எதுவும் இல்லாமல் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் பச்சைத் தழைக் கொத்துதான் ஆயுதம். தழையை ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். அமுக்கி இழுக்க வேண்டும். இப்போது முதுகில் மாட்டும் காற்று ஊதி வந்திருக்கிறது, அதில் சருகை ஒதுக்கிக் கோடு திறக்கலாம். தீயணைப்பு வண்டி சாலை வரைதான் வரும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு அலுவலர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பெரிய உதவிதான். ஆனால் செயற்கைக்கோள் ஒரே இடத்தின் மேல் நாளுக்குச் சில முறைதான் கடக்கும். இடைப்பட்ட நேரத்தில் கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்கும் தற்காலிகத் தீக்காவலரின் கண்களைத்தான் நம்பியிருக்கிறோம். புகை தெரிந்ததும் அவர் முதலில் கேட்பது, அந்தப் பக்கம் ஆட்கள் யாராவது போயிருக்கிறார்களா என்பதுதான். நோட்டில் இல்லாத எட்டுப் பேரைப் பற்றி யாரும் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. தீயை மடக்க எதிர்த்தீ, அதாவது வருகிற தீக்கு எதிரே புல்லையும் சருகையும் நாமே முன்கூட்டி எரிப்பது, அதை வைக்கும் முடிவும் அந்தப் பதிலைப் பொறுத்தது. ஆள் இல்லை என்று நம்பி வைக்கும் எதிர்த்தீயின் நடுவில் நீங்கள் இருக்கலாம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், இரண்டு குழுக்களாக வந்த மலையேற்றக்காரர்கள் இறங்கும் வழியில் தீயில் சிக்கினார்கள். பலர் பெண்கள். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசு அப்போது கூறியது. இருட்டுவதற்குள் எல்லோரையும் மீட்க முடியவில்லை. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே, கிடைத்த போர்வைகளில் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் அங்கிருந்த ஊர்க்காரர்கள். கடைசியில் இறந்தவர்கள் 23 பேர். நீங்கள் குறித்திருக்கும் தேதியும் அதே மார்ச் இரண்டாவது வாரம் என்பதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தீ தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். மேலே ஏறாதீர்கள். இதை மட்டும் எட்டுப் பேரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மனித இயல்பு உயரத்தைத் தேடும். ஆனால் சரிவில் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லைச் சுட்டு உலர்த்திக்கொண்டே ஏறுகிறது; சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். பகலில் காற்றும் பெரும்பாலும் மேல்நோக்கியே வீசும். பக்கவாட்டில் நகர்ந்து, தீயின் ஓரத்தைச் சுற்றிக் கீழே இறங்கப் பாருங்கள். குறுகிய பள்ளங்களில் இறங்க வேண்டாம். அவை புகைபோக்கி மாதிரி தீயை உள்ளிழுக்கும். புல் இல்லாத பாறைத்திட்டு, அகலமான ஓடை, சாலை, தீத்தடுப்புக் கோடு, இவை நல்ல இடங்கள். ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன தரை அதைவிட நல்லது. அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் பாதி எரிந்த மரங்களுக்குக் கீழே நிற்காதீர்கள். புகையை முந்திக்கொண்டு யானையும் காட்டெருமையும் இறங்கி ஓடும், அவற்றின் தடத்தை விட்டு விலகி நில்லுங்கள். நைலான், பாலியஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டும். காட்டுக்குப் பருத்தி உடைதான். வழியே இல்லை என்றால் வெற்றுத் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணை ஒட்டி வைத்து, கனமான துணியால் மூடிக்கொள்ளுங்கள். வண்டியில் இருந்தால் புல் இல்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, காற்றுத் துளைகளை மூடி, உள்ளேயே குனிந்து இருங்கள். வெளியே ஓடுவதைவிட அது மேல்.

அழைக்க வேண்டிய எண் 112. வனச்சரக அலுவலகத்தின் எண்ணைக் கிளம்பும் முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'மலையில் தீ' என்று மட்டும் சொன்னால் போதாது. கடைசியாகக் கடந்த ஊர் அல்லது சாவடி, அங்கிருந்து எவ்வளவு நேரம் நடந்தீர்கள், கீழே ஓடையோ மின்கம்பமோ தெரிகிறதா, எத்தனை பேர், யாருக்குக் காயம் என்று சொல்லுங்கள். இந்தக் காடுகளில் பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப அந்த நோட்டைப் பற்றியே பேசுகிறேன். தீக்காயத்துக்கு ஓடும் சாதாரண நீர் இருபது நிமிடம், பிறகு சுத்தமான துணி. பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

மலை ஏற வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு நேரான வழி திறந்திருக்கிறது. குரங்கணிக்குப் பிறகு 2018-இல் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இந்தப் பாதைகள் மூடப்படுவது வழக்கம். ஆகவே மார்ச் மாதத்தை விட்டுவிடுங்கள். கோடை மழை இரண்டு விழுந்து புல் துளிர்த்த பிறகு, தேதியை உறுதி செய்துகொண்டு வாருங்கள். மார்ச்சில்தான் விடுமுறை என்றால் முதுமலையின் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டிச் சவாரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அதில் போய்வாருங்கள்; தீ அபாயம் அதிகமானால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் போனது போகட்டும். ஆனால் அந்த நபரின் கைப்பேசி எண்ணையும் அவர் போட்ட விளம்பரத்தையும் வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் போகாவிட்டாலும் அதே தேதிக்கு அவர் வேறு எட்டுப் பேரைத் தேடிக்கொண்டிருப்பார்.